மன்னார்குடியிலிருந்து நெதர்லாந்துக்கு: எதிர்காற்றிலும் குளிரிலும் சைக்கிள்

ஆடி மாதத்தில் லீவு கிடைத்து மன்னார்குடி வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் எங்கள் தெருவிலும் பக்கத்து ஊர்களிலுமாக ஐந்து பேர் வந்து பேசிவிட்டுப் போய்விட்டார்கள். எல்லோரும் ஆகஸ்ட் கடைசியில் நெதர்லாந்து கிளம்புகிறவர்கள். வாடகை எவ்வளவு, புழுங்கலரிசி கிடைக்குமா, குக்கர் கொண்டுபோகலாமா என்று எல்லாம் கேட்கிறார்கள். சைக்கிளைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நானாக எடுத்தால், "சைக்கிள்தானேக்கா? பிளஸ் ஒன்ல கவர்மெண்டு குடுத்த வண்டில தினம் பத்து கிலோமீட்டர் மிதிச்சிருக்கேன்" என்று சிரிக்கிறார்கள்.

நானும் அப்படிச் சிரித்துக்கொண்டு போனவள்தான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த நாலாவது நாள், நாலு கிலோமீட்டர் வகுப்புக்குப் போவதற்குள் மூச்சு வாங்கி, வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். பக்கத்தில் எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்தபடி என்னைக் கடந்து போனாள். அன்றைக்குப் பட்ட வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாம் போகிற ஊரும் டெல்டாதான். ரைன், மாஸ், ஸ்கெல்ட் என்று மூன்று ஆறுகள் கடலில் கலக்கிற வண்டல் நிலம். நாட்டில் கால்வாசி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. மக்கள்தொகை ஒரு கோடியே எண்பது லட்சம். சைக்கிள் அதைவிடவும் அதிகம். மேடே இல்லாத ஊரில் மிதிக்க என்ன கஷ்டம் என்று தோன்றும். மேடு இல்லாததுதான் கஷ்டமே. மேற்கே கிடக்கிற வடகடலிலிருந்து வருகிற காற்றைத் தடுக்க நடுவில் ஒரு குன்றுகூடக் கிடையாது. பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும்; இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நாள்கணக்கில் விடாமல் அடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. உங்கள் நெஞ்சில் மோதுவது 45 கிலோமீட்டர் காற்று. வேகம் மூன்று மடங்கானால் காற்றின் தடை ஒன்பது மடங்காகும். அதனால் எதிர்காற்றில் வேகத்தைப் பிடித்து வைக்கப் போராடுவது வீண். கியர் இருந்தால் இறக்கிவிடுங்கள், கால் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். முழங்கையை உள்ளே மடக்கி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். பட்டன் போடாமல் படபடக்கிற கோட்டு பாய்மரம் மாதிரி இழுக்கும். இருபது நிமிஷம் முன்னதாகக் கிளம்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அந்த ஊர்க்காரர்கள் இதை விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஸீலாந்து மாகாணத்தில், 1953 வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய ஓஸ்டர்ஸ்கெல்ட் கடலணை மேல், எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்க ஒரு தேசியப் போட்டியே நடக்கிறது. எட்டரை கிலோமீட்டர் தூரம், கியர் இல்லாத சாதா சைக்கிள். காற்றின் வேகத்தைச் சொல்கிற பியூஃபோர்ட் அளவுகோலில் அன்றைய காற்று 7ஐயாவது தொட வேண்டும், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். நல்ல காற்று வருகிற அறிகுறி தெரிந்த பிறகுதான் தேதியே சொல்வார்கள். கல்லணையில் இப்படி ஒன்று வைத்தால் நம் ஆட்கள் ஜெயிப்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

எதிர்காற்றை விட எனக்குப் பயம் பக்கக்காற்றுதான். எதிர்காற்று களைப்பாக்கும், பக்கக்காற்று தள்ளிவிடும். வரிசையாகக் கட்டடம் இருந்து திடீரென்று ஒரு சந்து வரும் இடம், பாலத்தின் உச்சி, பெரிய லாரி பக்கத்தில் கடந்துபோகும் நொடி, இந்த மூன்றிலும் கவனம். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் வண்டி இன்னும் ஆடும். தளர்வாகப் பிடித்து, ஓரத்தில் ஒரு முழம் இடம் வைத்துக்கொண்டு போங்கள். முதுகில் பை மாட்டாதீர்கள். கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற பை அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும், பாரம் கீழே இருந்தால் வண்டி நிலையாக நிற்கும்.

வானிலை நிலையமான கே.என்.எம்.ஐ. ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை போட்டால் வண்டியை எடுக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜாவைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு புயலா என்று தோன்றும். ஆனால் கஜா அடித்த ராத்திரி நம்மில் யாரும் சைக்கிள் எடுத்துக்கொண்டு வெளியே போகவில்லை.

மழைக்குக் குடை உதவாது, முதல் காற்றிலேயே பூவாக விரிந்துவிடும். சட்டையும் பேண்ட்டுமாக மழை உடுப்பு வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே வாங்காமல் அங்கேயே. புயென்ராடார் என்ற செயலி அடுத்த இரண்டு மணி நேரத்தில் எப்போது மழை வரும், எப்போது விடும் என்று காட்டும். பத்து நிமிஷம் படிக்கட்டில் நின்றாலே போதும், நனையாமல் போகலாம்.

குளிர்

மார்கழிப் பனிக்கே குரங்குக் குல்லாய் மாட்டுகிற ஊர் நம்முடையது. அதற்காக அங்கே போய் வெட்கப்பட வேண்டாம், குல்லாய் எடுத்துப்போங்கள். மெல்லிசாக, காதை மூடுவதாக இருக்கட்டும்.

சைக்கிளில் போகும்போது குளிர் இரண்டு பங்கு. வெப்பநிலை பூஜ்யம் டிகிரி, காற்று 20 கிலோமீட்டர் என்றால் தோலுக்குத் தெரிவது மைனஸ் ஐந்து. காற்றே அடிக்காவிட்டாலும் நீங்கள் மிதிக்கிற வேகமே காற்றுதான். உடம்பு தன் சூட்டை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஒதுக்கிவிட்டு விரல்களைக் கைவிட்டுவிடும்.

இது எனக்குப் புரிந்தது ஒரு ஜனவரி மாலை. கையுறை இல்லாமல், ஸ்வெட்டர் கையை இழுத்து விரலை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வண்டியை நிறுத்திப் பின்சக்கரப் பூட்டைப் போட வேண்டும். கட்டைவிரல் பூட்டின் நெம்பைத் தொடுகிறது, எனக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் விரல் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். சாவி மூன்று தடவை கீழே விழுந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் பூட்டிக் கொடுத்தார். உள்ளே போய்ச் சுடுதண்ணீரில் கையை விட்டேன் பாருங்கள், அதுதான் அடுத்த முட்டாள்தனம். ஊசி ஊசியாகக் குத்திக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும், இல்லை அக்குளில் கையை வைத்துக்கொண்டு உட்காருங்கள். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கிற உறை சூடு பிடிக்கும்.

உடம்புக்கு ஒரே தடிமனான கோட்டு வேண்டாம். உள்ளே பருத்தி பனியன் போட்டால் வியர்வையில் நனைந்து, நின்ற பிறகு ஐஸ் போலாகும். வியர்வையை வெளியே விடுகிற மெல்லிய துணி, அதன் மேல் கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாத ஒன்று. வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிஷத்தில் வியர்த்துவிடும்.

பனிப்படலம் வேறு சமாச்சாரம். ராத்திரி மழை பெய்து விடிகாலை பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால், ரோடு வெறும் ஈரமாகத்தான் தெரியும். கால்வாய்ப் பாலங்கள்தான் முதலில் உறையும், அடியிலும் குளிர்காற்று போவதால். பாலத்தின் மேல் திரும்பாதீர்கள், முன் பிரேக்கைத் தொடாதீர்கள், நேராக உருண்டு போங்கள். பிடிப்புக்காக டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ரோட்டில் உப்பு தூவுவார்கள். அது செயினைத் தின்றுவிடும், வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டித்தான் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் இறங்கிவிடும். முழங்காலில் எனக்கு அதன் தழும்பு இருக்கிறது.

டிசம்பரில் அங்கே பொழுது விடிய எட்டே முக்கால் ஆகும், நாலரைக்கு இருட்டிவிடும். முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு, இது சட்டம். மின்னி மின்னி எரிகிற விளக்கு செல்லாது. போலீஸ் நிறுத்தி அபராதம் போடும். 2019 ஜூலையிலிருந்து ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பதும் குற்றம். ரோட்டில் வலதுபக்கம் போக வேண்டும், வலதிலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். தரையில் வெள்ளை முக்கோணங்களின் முனை உங்களைப் பார்த்து இருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். வழிவிடுகிற பழக்கம் நமக்கு வர ஒரு மாதம் பிடிக்கும், அதுவரை மெதுவாகப் போங்கள்.

வண்டி வாங்கும்போது பின்னால் மிதித்தால் நிற்கிற பிரேக் வைத்ததுதான் மலிவாகக் கிடைக்கும். நம் பழக்கத்தில் பெடலைச் சும்மா பின்னால் சுற்றினால் நடுரோட்டில் நின்றுவிடுவீர்கள். காலி மைதானத்தில் அரை மணி நேரம் பழகுங்கள். செயினை முழுதாக மூடிய பெட்டியும், பின்சக்கரத்தில் உடுப்பு மாட்டாத தடுப்பும் இருக்கிறதா பாருங்கள். துப்பட்டா போடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய வரம் இல்லை.

வெயில்

நமக்கா வெயிலைப் பற்றிச் சொல்வது என்பீர்கள். 2019 ஜூலை 25 அன்று அங்கே 40.7 டிகிரி போனது. வீடுகள் சூட்டைப் பிடித்து வைக்கக் கட்டியவை, ஃபேன்கூட இருக்காது. அன்றைக்கு மர நிழல் பாதையில், தண்ணீர் பாட்டிலோடு மெதுவாகப் போனால் சமாளிக்கலாம்.

நான் சொல்ல வந்தது லீவில் ஊருக்குத் திரும்பி வரும்போது படுகிற வெயிலை. வெயில் தாங்குகிற பழக்கத்தை உடம்பு குளிர்நாட்டில் மறந்துவிடும், மறுபடி பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். போன தடவை கத்திரியில் வந்தவள், மறுநாளே பதினோரு மணிக்கு அம்மாவின் லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாமணி ஆற்றங்கரைக்குப் போனேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை, வழிந்துகொண்டே இருக்கிறது. காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. தலை சுற்றிப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாயி உப்புப் போட்ட நீராகாரம் கொடுத்துவிட்டு, "வெள்ளைக்காரி ஆயிட்டா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். முதல் வாரம் காலை எட்டுக்குள், சாயங்காலம் ஐந்துக்கு மேல் மட்டும் மிதியுங்கள்.

கிளம்ப இருக்கிறவர்களுக்கு இப்போதே ஒரு பயிற்சி இருக்கிறது, காசு செலவில்லாமல். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. மன்னார்குடியிலிருந்து வடுவூர் ஏரி வரைக்கும் காற்றுக்கு எதிராகப் போங்கள், காற்றோடு திரும்புங்கள். முதலில் எதிர்காற்று, பிறகு பின்காற்று, இந்த வரிசையை அங்கேயும் விடாதீர்கள்.

எதிர்வீட்டுத் தங்கச்சியை நேற்று அனுப்பினேன். போக ஒண்ணே கால் மணி நேரம், வர நாற்பது நிமிஷம். வந்து திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு மோரை ஒரே மடக்கில் குடித்தாள். "அக்கா, அந்த நாலு விரலும் ஒண்ணா இருக்கிற கையுறை, அதை மன்னார்குடியிலயே தைக்கச் சொல்லலாமா?" என்றாள்.