கோட்டைக்குக் கிளம்பும் முன்

போன சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு அண்ணன் மகன் போன் பண்ணினான். "சித்தப்பா, நாப்பது நைட் அனுப்பினேன். ஒண்ணுகூடத் திரும்பல." அழாத குறைதான். நைட் என்பது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற, ஊர் கட்டிப் படை திரட்டி மோதும் கணினி ஆட்டத்தில் வரும் குதிரைவீரன். அவன் வயதில் நானும் பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் இதே ஆட்டத்தில் மொத்தப் படையையும் தொலைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 1999-இல் வந்த ஆட்டம். 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷனாகப் புதுப்பித்தார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள் அன்றைக்குப் போலவேதான் இருக்கின்றன. பெரும்பாலான படைகள் சண்டை தொடங்கும் முன்பே, கிளம்பும் இடத்திலேயே தோற்றுவிடுகின்றன. அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த நாற்பது நைட். ஒரு நைட்டுக்கு 60 உணவும் 75 தங்கமும் ஆகும். நாற்பதுக்கு 2400 உணவு, 3000 தங்கம். எதிரே நின்றது பைக்மேன் என்ற ஈட்டிக்காரர் கூட்டம். ஸ்பியர்மேனிலிருந்து மேம்படுத்தி வரும் இந்த ஆள் ஒருவனுக்கு 35 உணவும் 25 மரமும்தான் செலவு, தங்கமே வேண்டாம். குதிரைப்படை என்றால் அவன் குத்துக்கு 22 புள்ளி கூடுதல் பலம். 100 உயிர்ப்புள்ளி உள்ள, மேம்படுத்தாத நைட் ஐந்தே குத்தில் விழுந்துவிடும். விலை கூடின படை எல்லாரையும் அடிக்கும் என்று நம்புவதுதான் இங்கே தவறு. குதிரைக்கு ஈட்டி, வில்லுக்கு ஸ்கர்மிஷர் என்ற எறியீட்டி வீரன், ஈட்டிக்கு வில் என்று ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்படை உண்டு. ஒரே வகைப் படையை மட்டும் திரட்டினால், எதிரி ஒரே ஒரு கட்டடத்திலிருந்து பதில் சொல்லிவிடுவான். பத்து நைட்டைக் குறைத்து, அந்தச் செலவில் பின்னால் கொஞ்சம் ஆர்ச்சர்களை, அதாவது வில்லாளிகளை, நிறுத்தியிருந்தால் அந்த பைக்மேன்கள் நெருங்கியே இருக்க மாட்டார்கள்.

அடுத்தது பிளாக்ஸ்மித், படையின் ஆயுதத்தையும் கவசத்தையும் மேம்படுத்தும் நம்ம கொல்லன் பட்டறை. அதிகம் பேர் தடுக்கி விழுந்து நான் பார்த்த இடம் இதுதான். ஆள் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிறது, பட்டறை வேலை தெரிவதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். சாதாரண ஆர்ச்சரின் அம்புக்கு 4 புள்ளி. நைட்டின் கவசம் அம்புக்கு எதிராக 2 புள்ளியைத் தடுக்கும். ஆக உள்ளே இறங்குவது 2. ஃபிளெட்சிங் என்ற முதல் மேம்பாட்டைச் செய்தால் 3 இறங்கும். 100 உணவு, 50 தங்கத்தில் உங்கள் வில்படை முழுவதின் அடியும் ஒன்றரை மடங்கு ஆகிறது. எதிரி தன் குதிரைக்குக் கவச மேம்பாட்டை இரண்டு படி செய்துவிட்டு, நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அம்புக்கு வெறும் 1 புள்ளிதான் இறங்கும். அதற்குக் கீழே ஆட்டம் போகவிடாது. இருபது ஆர்ச்சர்கள் நின்று எய்தும் ஒரு குதிரைகூட விழவில்லையே என்று திகைப்பவர்கள், முதலில் பட்டறையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

சரி, கோட்டை. இதைப் பற்றிப் பேச நெல்லைச் சீமைக்காரனுக்கு ஒரு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 1755-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் வந்து நின்றார். சுவரை உடைக்கும் பெரிய பீரங்கி கையில் இல்லை, தளவாடமும் போதவில்லை. பூலித்தேவர் அசையவில்லை, படை திரும்பிப் போனது. 1799 செப்டம்பர் 5 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் மேஜர் பானர்மேன் நடத்திய தாக்குதலும் அப்படித்தான் தோற்றது. அவரிடம் இருந்த பீரங்கி அந்த மண்கோட்டைக்குப் போதவில்லை. 1801-இல் ஊமைத்துரை திரும்ப எழுப்பிய அதே கோட்டையில் மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலும் தோற்றது. கனமான பீரங்கிகள் வந்து சேர்ந்து சுவரில் வழி திறந்த பிறகுதான், மே 24 அன்று கோட்டை விழுந்தது. அங்கே நின்று போராடியவர்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் முற்றுகை எப்படி நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது.

ஆட்டத்திலும் இதேதான். வாளையும் குதிரையையும் கொண்டு கேசில் என்ற கோட்டையைக் குத்திக்கொண்டிருந்தால், அது இடிவதற்குள் உங்கள் படை பாதியாகிவிடும். சுவரை இடிக்கும் பேட்டரிங் ராம் வண்டி வேண்டும், ஆட்டத்தின் கடைசிக் கட்டமான இம்பீரியல் காலத்தில் என்றால் ட்ரெபுஷே என்ற கல்லெறி பொறி வேண்டும். ட்ரெபுஷே 16 கட்டத் தூரத்திலிருந்து எறியும். கேசிலின் அம்பு, மேம்பாடுகள் எல்லாம் செய்தாலும் அவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் அதைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள், நாலு குதிரை போதும் அதை உடைக்க. ராம் அம்புக்கு அசையாது, பக்கத்தில் வந்து வெட்டுகிறவனிடம் விழுந்துவிடும். அதனால் கூடவே ஈட்டிக்காரர்களை நடத்துங்கள். காலாட்படையை ராமுக்குள்ளேயே ஏற்றலாம், அது வேகமாகவும் நகரும். மாங்கனெல் என்ற சின்னக் கல்லெறி பொறி வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: அதன் கல் உங்கள் ஆளையும் கொல்லும். முன்னால் உங்கள் ஆட்கள் மோதிக்கொண்டிருக்கும்போது அதைத் தன்போக்கில் எறிய விடக் கூடாது.

சண்டை நடக்கும்போது ஊரை மறப்பது இன்னொரு பெரிய இழப்பு. உணவும் மரமும் சேர்க்கும் உழைப்பாளியான வில்லேஜர் ஒருவர், ஊரின் நடுக்கட்டடமான டவுன் சென்டரில் உருவாக 25 விநாடி. ஐந்து நிமிடம் சண்டையையே பார்த்துக்கொண்டு டவுன் சென்டரைச் சும்மா விட்டால் பன்னிரண்டு உழைப்பாளிகள் பிறக்காமலே போகிறார்கள். சண்டையில் சமமாக முடித்தாலும், அடுத்த படையை எதிரிதான் முதலில் கொண்டுவருவான்.

புது ஆட்கள் போய்ச் சேரும் இடத்தை நேராகப் போர்முனையிலேயே குறிப்பவர்களும் உண்டு. அந்த ஆட்கள் ஒவ்வொருவராகப் போய் ஒவ்வொருவராகச் சாவார்கள். முனைக்குக் கொஞ்சம் பின்னால் கூட்டி, பத்துப் பேர் சேர்ந்ததும் அனுப்புங்கள். அப்புறம், மேட்டில் நிற்பவன் கொடுக்கும் அடி 25 சதவீதம் கூடும், கீழே நிற்பவன் கொடுக்கும் அடி அதே அளவு குறையும். மேட்டைப் பிடிக்க முடியாவிட்டால், எதிரி இறங்கி வரும்வரை காத்திருக்கலாம்.

கதைவழி மிஷன்களில் தவறே வேறு. பலர் நோக்கத்தைப் படிக்காமல் படையை நகர்த்திவிடுகிறார்கள். ஜோன் ஆஃப் ஆர்க் கதையின் முதல் மிஷனில் ஊர் கட்டி ஆள் எடுக்க வழியே இல்லை. ஜோனை உயிரோடு ஷினோன் கோட்டைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வழியில் தெரியும் எதிரியை எல்லாம் துரத்தினால் கடைசி ஆற்றைத் தாண்ட ஆள் மிஞ்சாது. 2022-இல் வந்த டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் ராஜேந்திர சோழன் கதை இருக்கிறது. அதற்காக ஆட்டத்தில் திராவிடர்கள் என்ற அணியை எடுக்கும் நம் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அவர்களுக்கு நைட்டே கிடையாது. அவர்கள் பலம் காலாட்படையில். காலாட்படை உருவாகும் கட்டடமான பார்ராக்ஸின் மேம்பாடுகள் எல்லாம் பாதி விலை. உருமி வீரன் என்று ஒரு தனிப்படையும் உண்டு. நம்ம பக்கம் உறுமி என்றால் கோயில் கொடையில் அதிரும் மேளம். இது சுருள்வாள். முதல் தடவை அதைத் திரையில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆடின ஆட்டம் ரெக்கார்டாகியிருந்தது, எதிரியின் பக்கத்திலிருந்து அதைத் திரும்ப ஓட்டினோம். நைட்டுகள் கிளம்புவதற்கு நாலு நிமிடம் முன்பே அந்த ஊரில் மூன்று பார்ராக்ஸ் நின்றது, மூன்றிலும் ஈட்டிக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். எதிரியின் ஊரை வேவு பார்க்க வேண்டிய பையனின் ஸ்கவுட் குதிரை அந்த நேரம் முழுவதும் அவன் ஊரின் விறகுக்காட்டுப் பக்கம் சும்மா நின்றிருந்தது. அவனே ஓட்டத்தை நிறுத்தி, அந்தக் குதிரையைத் திரையில் தொட்டுக் காட்டினான்.