வீட்டிலா, அரசுப் பள்ளியிலா: எல்லையோரத் தமிழ்ப் பெற்றோர் முடிவெடுக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் போன்ற ஊர்களில் பிள்ளைக்குப் பள்ளி வயது வந்துவிட்டால், வீட்டுத் திண்ணையில் தொடங்கும் பேச்சு எளிதில் முடிவதில்லை. தமிழ் வழியா, மலையாள வழியா, ஆங்கில வழியா என்பது ஒரு கேள்வி. இங்குள்ள பள்ளியா, எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளியா என்பது இன்னொன்று. இப்போது சில வீடுகளில், பள்ளிக்கே அனுப்பாமல் நாமே சொல்லிக் கொடுத்தால் என்ன என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. நானும் என் மனைவியும் எங்கள் இளைய மகளை இரண்டு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் படிக்கவைத்து, பிறகு ஐந்தாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்தவர்கள். இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன்: இந்த முடிவை ஒன்றாம் வகுப்பிலிருந்து யோசிக்கத் தொடங்காதீர்கள். உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வை எந்த மாநிலத்தில், எந்த மொழியில், யார் நடத்த எழுதப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத கட்டாயக் கல்வியை உறுதிசெய்கிறது. அதன் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சொல்கிறதே தவிர, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் வகுக்கவில்லை. வீட்டுக் கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆகவே வீட்டில் படிக்கவைப்பவர்கள் அச்சத்தோடு ஒளிந்து வாழ வேண்டியதில்லை. ஆனால் சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது என்று மார்தட்டவும் இடமில்லை.

பள்ளிக்குப் போகாத பிள்ளை தேர்வெழுதும் முக்கிய வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். பதினான்கு வயது நிறைந்தவர்கள் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்களில் தேறினால் போதும், தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் எல்லையோரக் குடும்பங்கள் பலவும் சறுக்குகின்றன. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, அங்குள்ள அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு உரியது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அந்த மாநிலத்துப் பள்ளிப் படிப்பையே அடிப்படையாகக் கொண்டது. கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்த பிள்ளையும், அதே ஊரில் வீட்டில் படித்த பிள்ளையும் இந்தச் சலுகைகளைப் பொறுத்தவரை ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். நாமும் தமிழர்தானே என்ற வாதம் விண்ணப்பப் படிவத்தில் செல்லாது. சாதிச் சான்றிதழும் அப்படியே. ஒரு மாநிலத்தில் வாங்கியதை வைத்து மற்றொரு மாநிலத்தில் இடஒதுக்கீடு கேட்க முடியாது. மகள் கோவையில் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று இப்போதே நினைப்பவர்கள், ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்; பத்தாம் வகுப்பில் போட்டால் ஆறாம் வகுப்பு திரும்பி வராது.

அடுத்தது, உங்கள் ஊர்ப் பள்ளி எதுவரை இருக்கிறது என்பது. கேரளத்தில் எல்.பி. எனப்படும் கீழ்த்தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு முடியும், யு.பி. எனப்படும் மேல்தொடக்கப் பள்ளி ஏழு வரை, உயர்நிலை பத்து வரை. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஐந்து வரை, நடுநிலைப் பள்ளி எட்டு வரை. வீட்டருகே தமிழ் வழி எல்.பி. பள்ளி இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் வழி வகுப்பு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, காலையில் அந்தப் பக்கம் எந்தப் பேருந்து போகிறது என்று கேளுங்கள். அரசியலமைப்பின் 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதியைச் செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. அது தொடக்க நிலையோடு நின்றுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

மலையாளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டுக் கல்வி முறிந்தது அங்கேதான். 2017ஆம் ஆண்டுச் சட்டம் கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. தமிழ் அடையாளம் கரைந்துவிடுமோ என்று அப்போது நானும் முணுமுணுத்தேன். பிறகு ஒரு நாள் மகளோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். எட்டு வயது அவளுக்கு. தமிழில் செய்தித்தாளைத் தடுமாறாமல் வாசிப்பாள். வந்து நின்ற பேருந்தின் நெற்றிப் பலகையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சித்தூர் போகுமா?" என்றாள். பக்கத்தில் நின்ற, தமிழ் வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன், தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடியே அந்தப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னான். எங்கள் தெருவில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள். ரேஷன் அட்டையும் வங்கிப் படிவமும் கிராம அலுவலகத்துக் கடிதமும் பெரும்பாலும் மலையாளத்தில்தான் வருகின்றன. எங்கள் வீட்டில் மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் குறை உங்களுக்கு இல்லை.

வீட்டுக் கல்வியால் நன்மையே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஒரே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, தொடக்க வகுப்புப் பாடங்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் போதுமானதாக இருந்தது. தென்னந்தோப்பில் காய் வெட்டிய நாளன்று, வியாபாரி நூற்றுக்கு இத்தனை என்று விலை தராமல் எடுத்துக்கொள்ளும் லாபக்காயைக் கழித்துக்கொண்டு மீதியை எண்ணுவதை அவள் உடனிருந்து பார்த்தாள். மாலையில் அதையே நோட்டில் கணக்காகப் போட்டு, வியாபாரி ஆறு காய் கூடுதலாகக் கழித்திருக்கிறார் என்று கண்டுபிடித்தாள். கழித்தலை அதைவிடத் தெளிவாக நான் கற்பித்திருக்க முடியாது. பாடநூல்களுக்கும் தட்டுப்பாடில்லை, இரு மாநிலப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

தட்டுப்பாடு ஆளுக்குத்தான். அந்த மூன்று மணி நேரத்தை யார் தருவது? எங்கள் வீட்டில் என் மனைவி தையல் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். இந்த முடிவை எடுத்தபோது அவளுடைய வருமானத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எனவே முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏப்ரல், மே விடுமுறையில் தொடர்ச்சியாக மூன்று வாரம், பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் நடத்துங்கள். யார் நடத்தினார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிந்தது, ஏன் தடைப்பட்டது என்று நாள்தோறும் நோட்டில் எழுதி வையுங்கள். நோம்பி, சீர், உறவினர் வருகை, மோட்டார் பழுது எல்லாம் அந்த மூன்று வாரத்திலும் வரத்தான் செய்யும். பதினெட்டு நாள்களில் பன்னிரண்டு நாளாவது பாடம் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் குறைவென்றால், ஓர் ஆண்டு முழுவதும் நடக்கும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. 2020இல் தொலைக்காட்சியில் வகுப்பு நடந்த மாதங்கள் உங்கள் வீட்டில் எப்படிக் கழிந்தன என்பதும் நல்ல சாட்சிதான். அப்போது தோழிகள் இல்லாமல் பிள்ளை வாடியதா, இல்லையா என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, தனி வீட்டின் கணக்கில் வராதது. கேரளத்தில் ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து ஆறாவது பணி நாளன்று எடுக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் முடிவாகின்றன. சிறிய தமிழ் வழி வகுப்பிலிருந்து இரண்டு, மூன்று பிள்ளைகள் விலகினாலும் அந்த வகுப்பு ஆட்டம் காணலாம். இதற்காக மட்டும் உங்கள் பிள்ளையை அங்கே அனுப்புங்கள் என்று சொல்ல மாட்டேன், தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது என்று முடிவு செய்தாலும், திரும்பிச் செல்லும் கதவைத் திறந்தே வைத்திருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, இடையில் படிக்காதிருந்த பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுக்கவோ காலம் தாழ்த்தவோ கூடாது. நாங்கள் முதலில் போன பள்ளியில், டி.சி. இல்லாமல் விண்ணப்பமே தர முடியாது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் வேறொரு அரசுப் பள்ளிக்கு, பிறப்புச் சான்றிதழோடு இரண்டு ஆண்டு நோட்டுகளையும் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். தலைமையாசிரியை அவற்றைப் புரட்டிக்கொண்டே வந்து, தேங்காய்க் கணக்கு இருந்த பக்கத்தில் நிறுத்தி, இது யார் போட்டது என்று மகளிடம் தமிழில் கேட்டார். அன்றே ஐந்தாம் வகுப்பில் பெயரை எழுதிக்கொண்டு, மலையாளத்துக்கு மட்டும் மாலையில் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டும் என்றார்.