பழைய குடும்பக் காரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றும்போது விடக்கூடாத தவறுகள்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்தும் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பேசாமல் வீட்டுக்கு வந்து பழைய காரின் பொனட்டைத் திறந்து பார்த்தார்கள். திருகோணமலையில் இன்றைக்கும் நிசான் சனி எப்.பி. 13, மிட்சுபிஷி பொக்ஸ் லான்சர், டொயோட்டா கொரோலா 110 எல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது அதனால்தான்.

இந்தக் கார்களை ஒரேயடியாகத் திருத்த யாரிடமும் காசு இல்லை. சம்பளத்தில் கொஞ்சம், சீட்டு விழுந்தால் கொஞ்சம் என்று போட்டுத்தான் தேற்றுகிறார்கள். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் போடுகிற காசு எந்த வரிசையில் போகிறது என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

வீட்டில் ஒரு கல்யாணம் வரும், அல்லது வெளிநாட்டிலிருந்து மாமா வருவார். உடனே காருக்குப் பெயின்ற். பிறேக் மிதி பாதி வரை இறங்குகிறது, ரயர் மொட்டை, ஆனாலும் கார் பளபளவென்று நிற்கும். அடுத்த மாரி முடிய மட்கார்ட் ஓரத்தில் கொப்புளம் கிளம்பும். கொடுத்த காசு அதோடு போச்சு. பெயின்ற் கடைசி வேலை. முதலில் பிறேக், ரயர், ஸ்டீயரிங். அப்புறம் எஞ்சினின் சூடு. அடுத்தது துரு. அதற்குப் பிறகு எஞ்சின், வயரிங். இதெல்லாம் முடிந்தபிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றுவது. "இறக்கினதுதானே, அதையும் பார்த்துவிடுவோம்" என்ற பேச்சில் தொடங்கி, சீற் ஒரு பக்கம், டாஷ்போர்ட் ஒரு பக்கம், நட்டுகள் எல்லாம் ஒரு ஷொப்பிங் பையில் என்று முடியும். காசு தீர்ந்ததும் கார் கராஜின் மூலைக்குத் தள்ளப்படும். அங்கே கிடக்கிற காலத்தில் டாங்கில் பெற்றோல் பிசினாகும், பிறேக் பிஸ்டன் இறுகும், பற்றறி செத்துப்போகும். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் மாதக்கணக்காக நின்ற கார்களுக்கு என்ன நடந்தது என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். குடும்பக் கார் என்றால் ஒரு நேரத்தில் ஒரு வேலை. அது முடிந்து கார் தன் காலில் வீட்டுக்கு வரவேண்டும். அடுத்த வேலை அடுத்த மாதம்.

உப்புக் காற்றும் துருவும்

கடலோரத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வைத்திருக்கிற காரும் உள்ளே தள்ளித் தம்பலகாமத்தில் வைத்திருக்கிற காரும் ஒரே வயதாக இருந்தாலும் அடிப்பக்கம் ஒன்றாக இராது. காற்றில் வரும் உப்பு தகட்டில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் துரு வேலை செய்துகொண்டே இருக்கும். வடகீழ்ப் பருவ மழையில், அதாவது வாடைக் காலத்தில், அது இரட்டிப்பாகும்.

இங்கே விடுகிற முதல் தவறு, துருவை, பள்ளம் நிரப்பும் பசையான புட்டியால் மூடுவது. புட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்னால் துருப்பிடித்த தகடு இருந்தால் புட்டிக்குப் பிடிமானமும் இல்லை. ஏற்கெனவே யாராவது இந்த வேலை செய்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, டிக்கியின் ஓரம் என்று நகர்த்திப் பாருங்கள். தகட்டில் ஒட்டும். தடித்த புட்டி உள்ள இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும், சில் என்கிற தகட்டை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் சரி. பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே உக்கிவிட்டது. அந்தச் சில் வெறும் அலங்காரத் தகடு இல்லை. இந்தக் கார்களுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே பாரம் தாங்குகிறது. அதனால் சில்லில் ஓட்டை விழுந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்ட் பண்ணத்தான் வேண்டும். மேலே பைபர் ஒட்டிப் பூசுவது அடுத்த சொந்தக்காரரை ஏமாற்றுகிற வேலை. வெல்ட் பண்ணுமுன் பற்றறியைக் கழற்றுங்கள், கிட்டவுள்ள தரை விரிப்பை எடுத்துவிடுங்கள். பெற்றோல் டாங்குக்கு அருகே என்றால் டாங்கையே இறக்கிவிட்டுத்தான் நெருப்பு வைக்கவேண்டும்.

துரு மேலோட்டமாக இருந்தால் செலவு குறைவு. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பொஸ்பரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசினால் மீதித் துரு கருப்பாக மாறும். காய்ந்தபிறகு, நீரை உள்ளே விடாத அடிப்பூச்சான எபொக்சி பிரைமர். பகுதி பகுதியாக வேலை செய்கிறவர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான்: சாதாரண பிரைமரைப் பூசிவிட்டு, காசு வந்ததும் பெயின்ற் அடிக்கலாம் என்று அப்படியே ஓடுவார்கள். சாதாரண பிரைமரில் நுண்ணிய துளைகள் உண்டு. மாரி முழுக்க அது நீரைக் குடிக்கும், அடியில் மறுபடி துரு ஏறும். எபொக்சிக்குக் காசில்லை என்றால், பிரைமர்மேல் அன்றைக்கே மெல்லியதாக ஒரு கோட் பெயின்ற் அடித்துவிடுங்கள். நிறம் பொருந்தாவிட்டால் பரவாயில்லை.

துருவுக்கு வழி விடுவது பெரும்பாலும் அடைபட்ட துளைகள். ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் நீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். அவற்றை ஒரு ஈர்க்கால் குத்திவிட்டாலே போதும். அதைவிட மோசமான இடம் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் உள்ள தட்டு. வேப்பமரத்தடியில் நிறுத்துகிற காரென்றால் சருகு எல்லாம் அங்கே போய்ச் சேறாகி வடிகாலை அடைக்கும். பிறகு மழைநீர் உள்ளே இறங்கி முன்சீற்றின் காலடியில் தேங்கும். விரிப்பின் மேற்பக்கம் காய்ந்தே இருக்கும், அடியில் பஞ்சு ஊறிப்போய்க் கிடக்கும். இரவில் விரிப்புக்கு அடியில் ஒரு பழைய பத்திரிகைத் தாளை வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கழிவு எஞ்சின் ஒயிலைக் காரின் அடியில் விசிறுவது ஊரில் பழைய பழக்கம். துருவை அது கொஞ்சம் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால் ரப்பர் புஷ்களை ஊதிப் பழுதாக்கும், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சொட்டுவது உங்கள் கிணற்றடியில். அதற்குப் பதிலாக, கடற்கரைக்குப் போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணறு உவர் என்றால் குழாய்த் தண்ணீர். இதற்குச் செலவே இல்லை. பிளாஸ்டிக் உறையால் காரை நிலம்வரை மூடிக் கட்டுவதும் வேண்டாம், உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும். நாலு பக்கமும் காற்றோடும் ஒரு கொட்டில் எவ்வளவோ மேல்.

பெயின்ற் அடிப்பதற்கும் காலம் பார்க்கவேண்டும். வாடையில் அடித்தால் காற்றின் ஈரம் லாக்கர் பெயின்றில் வெள்ளைப் புகைபோலப் படியும். வைகாசி, ஆனியில் கச்சான் வீசும்போது அடித்தால் தூசி ஒட்டும், பெயின்ற் சமனாகப் பரவுமுன் காய்ந்து தோடம்பழத் தோல்போல ஆகிவிடும். மாசி முதல் சித்திரைவரை கொஞ்சம் நிம்மதியான காலம்.

"சூட்டு நாடு தம்பி, இது தேவையில்லை"

எஞ்சின் சூடாகிறது என்று கராஜுக்குப் போனால், பல இடங்களில் முதலில் செய்வது, எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டற்றைக் கழற்றி எறிவது. "சூட்டு நாடு தம்பி, இது குளிர் நாட்டுக்காரனுக்கு" என்பார்கள். கேட்க நியாயம்போலத்தான் இருக்கும். ஆனால் எஞ்சினுக்கு ஒரு வேலைச் சூடு வேண்டும். தெர்மோஸ்டற் இல்லாவிட்டால் காலையில் அந்தச் சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். அதுவரை பெற்றோல் கூடுதலாகப் போகும், எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் சுடுநீர் றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, ஏற்றத்தில் முன்னையைவிட மோசமாகச் சூடாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடைபட்ட றேடியேற்றர், வேலைசெய்யாத பான், ரப்பர் காய்ந்த மூடி என்று உண்மையான காரணம் எதுவோ அது மறைந்தே இருக்கும்.

தெர்மோஸ்டற் நல்லதா என்று குசினியிலேயே பார்க்கலாம். ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டி, சட்டியின் அடி படாமல் தொங்கவிடுங்கள். அதன்மேல் 82 என்பதுபோல ஒரு எண் பொறித்திருக்கும், அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. தண்ணீர் கொதிக்குமுன் வால்வு மெல்ல வாய் திறக்கவேண்டும், ஆறவிட்டால் மூடவேண்டும். திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள். காரில் உள்ள மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று.

றேடியேற்றர் மூடியை யாரும் கவனிப்பதில்லை. 0.9 என்று எழுதிய மூடி அந்த அழுத்தத்தைத் தாங்கினால், உள்ளே தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 118 பாகைவரை பொறுக்கும். ரப்பர் போன மூடியில் அந்தப் பொறுமை கிடையாது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. கரையோரக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். சுண்ணாம்பு குழாய்களில் படியும், உப்பு அலுமினிய ஹெட்டை அரிக்கும். கூலன்றைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வருடாவருடம் யாராவது கையைச் சுட்டுக்கொண்டு வருகிறார்கள்.

புகை வந்தவுடன் எஞ்சினை இறக்குவது

நீலப் புகை வந்தாலே "ரிங் போயிட்டுது, இறக்கவேணும்" என்று முடிவுகட்டுவது பெரிய செலவில் கொண்டுபோய் விடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிடும் நீலப் புகை பெரும்பாலும் வால்வு சீல். அதைப் பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். மிதித்து ஓடும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் என்று சந்தேகப்படலாம். கலையாத வெள்ளைப் புகையோடு கூலன்றும் குறைந்தால் ஹெட் காஸ்கட்டைப் பாருங்கள். முடிவெடுக்குமுன் கொம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது காஸ்கட்.

95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் பழைய எஞ்சின் நன்றாக ஓடும் என்பதும் வீண். ஜப்பானில் சாதாரண பெற்றோலின் ஒக்டேன் அளவே 89க்கு மேல் இருந்தால் போதும். அதற்காகச் செய்த எஞ்சினுக்கு நமது 92 தாராளம்.

சின்னதாகத் தெரிகிற சில

கந்தளாய் தாண்டி ஹபரணைவரை இரவில் யானைப் பயம் உண்டு. அதனால் பலர் முன் விளக்குக்கு 100 வோட் பல்ப் போடுகிறார்கள். வழமையான 55 வோட்டுக்கு ஏறத்தாழ 4.6 அம்பியர் ஓடும் வயரில் 8.3 ஓடும். பழைய ஸ்விட்ச் உருகும், ரிப்ளெக்டர் கருகும். மஞ்சளான விளக்குக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றி, நல்ல வயரில், மின்சாரத்தை ஸ்விட்ச் வழியாக விடாமல் பற்றறியிலிருந்து நேரே கொடுக்கும் றிலே வைத்தால், இருக்கிற பல்ப்பே வெளிச்சம் தரும்.

பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ரகப் புதிய பிறேக் ஒயில் கொதிப்பது 205 பாகைக்கு மேல், ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது மிதி உள்ளே போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றவேண்டும், மேலே ஊற்றி நிரப்புவது போதாது. பழைய ரயர் வாங்கினால் பூவை, அதாவது தரையில் படும் வரிகளை மட்டும் பார்க்காமல், பக்கச் சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ நிறைய இருந்தாலும் பத்து வருட ரப்பர் நம்பிக்கைக்குரியதல்ல.

சாமான் வாங்கக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பும்போது "சனி கார்" என்று சொல்லிவிடாதீர்கள். பொனட்டுக்குள் இருக்கும் தகட்டைத் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்புங்கள். அதில் மொடல் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் இருக்கும். முடிந்தால் பழைய பாகத்தையே கொடுத்துவிடுங்கள். மாறி வந்த சாமானைத் திருப்ப இன்னொரு தடவை கொழும்பு போகிற செலவு, சாமான் விலையை விழுங்கிவிடும்.

கடைசியாக, நிறம். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்திலும் மாற்றவேண்டும். விற்கும்போதும் விபத்துக்குக் காப்புறுதி கேட்கும்போதும் அது வந்து நிற்கும். பழைய நிறத்திலேயே அடித்தால் இந்த அலைச்சல் இல்லை, கதவின் உட்பக்கம், டிக்கியின் உட்பக்கம், பொனட்டின் அடிப்பக்கம் என்று அடிக்கிற செலவும் மிச்சம்.