பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு: அரிச்சுவடியில் அல்ல, ஒரு சொல்லில் தொடங்குங்கள்

நாற்பது வயதைத் தாண்டியவரை உட்கார வைத்து ‘அ - அம்மா, ஆ - ஆடு’ என்று ஆரம்பித்தால், மூன்றாம் நாள் அவர் வரமாட்டார். சம்பளக் கணக்கை மனசிலேயே போட்டு மேஸ்திரியிடம் வாதாடத் தெரிந்தவருக்கு அது குழந்தைப் பாடம். போதாக்குறைக்கு 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தியும் விடுகிறோம். உண்மையில் மனப்பாடம் ஆக வேண்டியவை 18 மெய்களின் வடிவம், 12 உயிர்கள், பத்துச் சொச்சம் துணைக்குறிகள், புள்ளி, அவ்வளவுதான். இதில் அடங்காத தொல்லை உகர, ஊகார வரிசை. அதற்குப் பிறகு வருவோம்.

பிரேசிலைச் சேர்ந்த கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1963-இல் அஞ்சிகோஸ் என்ற ஊரில், சுமார் 300 தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். கற்பவரின் வாழ்க்கையிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசவிட்டு, அசைகளாக உடைத்து, அந்த அசைகளின் வரிசையிலிருந்து புதுச் சொற்களை அவர்களையே கட்டச் சொல்வதுதான் முறை. தமிழ் உயிர்மெய் வரிசைக்கு இது நன்றாகவே ஒத்துவரும். ஆனால் போர்த்துகீசியத்தில் உயிரெழுத்து ஐந்துதான். நம் வரிசை நீளம். அதனால் வரிசையை ஒரே மூச்சில் காட்டாமல் பிரித்துத்தான் காட்ட வேண்டும்.

வகுப்புக்கு முன்

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் இன்னொருவர் துணைக்கு வேண்டும். நேரத்தை அவர்களே சொல்லட்டும்; நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவு ஏழரைக்கு மேல்தான் தோதுப்படும். வாரம் நான்கு நாள், ஒன்றரை மணி நேரம். பள்ளிக்கூட வகுப்பறை வேண்டாம். பேரப்பிள்ளை உட்காரும் பெஞ்சில் உட்காரக் கூச்சப்படுவார்கள். யாராவது வீட்டுத் திண்ணையோ சங்கக் கட்டடமோ நல்லது.

முதல் நாள் எழுத்து எதுவும் வேண்டாம், கண்ணைப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் ஊசியும் நூலும் கொடுத்துக் கோக்கச் சொல்லுங்கள். கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக் கோக்கிறவருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று அர்த்தம். ‘என் மண்டையில ஏறல’ என்று நின்றுவிடுகிறவர்களில் கணிசமானோருக்கு மண்டையில் குறையில்லை, கிட்டத்தில் உள்ள எழுத்து தெரிவதில்லை. கண் பரிசோதனை முகாமுக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள். கரும்பலகையில் எழுத்து விரல் நீளத்துக்கு இருக்கட்டும். அச்செடுத்துத் தரும் தாளில் எழுத்தளவு 22 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது.

கெட்டி அட்டையில் பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, மெய்வடிவங்களைக் கறுப்பிலும் துணைக்குறிகளைச் சிவப்பிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துச் சொற்கள்

இந்த முறையில் பாடமாக எடுக்க வேண்டிய சொற்கள், வரிசைப்படி: கடன், பட்டா, சம்பளம், தண்ணீர், வேலை, நோய், மழை, வயிறு, சங்கம், மஞ்சள். இந்தப் பத்தில் பதினெட்டு மெய்யும் வந்துவிடுகின்றன. வரிசைக்கும் காரணம் உண்டு. ன முதல் சொல்லில், ண நான்காவதில். ர நான்கில், ற எட்டில். ள, ல, ழ மூன்றும் தள்ளித் தள்ளி. ஒலியிலோ வடிவிலோ நெருங்கிய எழுத்துகளை அடுத்தடுத்துக் காட்டினால் குழப்பம் கடைசிவரை தீராது. மீனவர் குப்பமென்றால் வேறு சொற்கள் வரும். இந்த இடைவெளியை மட்டும் காப்பாற்றுங்கள்.

‘கடன்’ பாடம் எப்படிப் போகும் என்று பார்ப்போம். முதல் கால் மணி நேரம் பேச்சு மட்டும்: யாரிடம் வாங்குகிறோம், வட்டி என்ன, குழுக் கடனுக்கும் கந்துவட்டிக்கும் என்ன வித்தியாசம். இதை வெட்டிப் பேச்சு என்று குறைத்துவிடாதீர்கள். அந்தச் சொல் மனதில் ஒட்டுவதே இங்கேதான். பிறகு பலகையில் ‘கடன்’ என்று எழுதி, மூன்று அட்டையாகப் பிரியுங்கள்: க, ட, ன். முதலில் ா, ி, ை மூன்று குறிகள் மட்டும். க-கா-கி-கை, ட-டா-டி-டை, ன-னா-னி-னை. அட்டைகளை நடுவில் போட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். கடை, கடி, கிடை, காடை, கனி என்று அவர்களே கட்டுவார்கள். ‘டாக’ போல அர்த்தமில்லாதது வந்தாலும் வாசிக்கச் சொல்லிச் சிரித்துவிட்டு விடுங்கள். அதை வாசிக்க முடிந்தது என்பதுதான் முக்கியம். அடுத்தடுத்த வகுப்புகளில் மற்ற குறிகள் சேரும்போது காடு, கூடு, குடை, கூடை, கோடு, கோடை எல்லாம் இதே மூன்று எழுத்திலிருந்து வந்துவிடும். இந்த முதல் சொல்லுக்கு நான்கு வகுப்பு ஆனாலும் ஆகட்டும். பின்னால் வரும் சொற்கள் இரண்டில் முடிந்துவிடும்.

பேச்சுக்குப் பின் இருபது நிமிடம் உடைப்பு, இருபது சொல் கட்டுவது, இருபது எழுதுவது. மீதி நேரம் நிஜத் தாள்: மாத்திரை அட்டை, பேருந்துப் பலகை, மின்கட்டண ரசீது. படித்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அதில் தேடி வட்டமிடட்டும்.

உயிரெழுத்துகளை மூன்றாம் சொல்லுக்குப் பிறகு, சொல்லின் முதலில் வரும்போது ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஔ, ஃ கடைசியில். ஜ, ஸ, ஷ மூன்றையும் தள்ளிப்போட முடியாது. ரேஷன், பஸ், விஜயா எல்லாம் நாள்தோறும் கண்ணில் படுகிறவை.

எங்கே இடறும்

கெ, கே, கை, கொ, கோ. கண்ணுக்கு முதலில் தெரிகிற கொம்பு, வாயில் இரண்டாவதாக வருகிறது. ‘கொடி’யை எ-கா-டி என்று படிப்பார்கள். அட்டையில் எப்போதும் க-வை முதலில் வைத்து, அப்புறம் இடப்பக்கம் கொம்பை வைத்துக் காட்டுங்கள். கெ நன்றாகப் பழகிய பிறகே கொ.

ர-வும் துணைக்காலும். ‘காரம்’ என்ற சொல்லில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ர-வின் கீழே சாய்ந்து இறங்கும் கோட்டை விரலால் தடவிக் காட்டுங்கள். சிவப்பில் துணைக்கால் எழுதச் சொன்னது இதற்கும்தான்.

உகரம். இதற்குத் தனிக் குறி கிடையாது, எழுத்தே உருமாறும். பு-சு-யு-வு ஒரு கூட்டம், கு-டு-மு-ரு-ழு-ளு ஒரு கூட்டம், து-நு-ணு-லு-னு-று ஒரு கூட்டம் என்று பிரித்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். ஊகாரத்தில் கூ, சூ இரண்டையும் தனியாகக் காட்டுங்கள்.

பழைய பத்திரம், பழைய கல்வெட்டுப் பலகை ஆகியவற்றில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய னை, லை, றா வடிவங்கள் இருக்கும். ‘நீங்க சொன்னது வேற மாதிரி இருக்கே’ என்று கேட்டால் அதுதான் காரணம்.

எழுதும்போது அரிவாள் பிடித்த கை பென்சிலை ஒடிக்கும். முதல் இரண்டு வாரம் சிலேட்டும் சாக்பீஸும். கோலம் போடுகிற பெண்களுக்கு வளைவு ஏற்கெனவே கையில் இருக்கிறது; ஆண்களுக்குத்தான் இங்கே அதிக நேரம் பிடிக்கும்.

எண்கள். மனக்கணக்கு தெரியும், எண்ணை எழுதத் தெரியாது. நூற்றி ஐந்தை 1005 என்று எழுதுவார்கள், காதில் கேட்டபடி நூறும் ஐந்தும். நூறு ரூபாய்த் தாள், பத்து ரூபாய், ஒரு ரூபாய்க் காசு மூன்றையும் மூன்று கட்டத்தில் வைத்து, பத்தின் கட்டம் காலி என்பதால் அங்கே 0 என்று காட்டினால் தெளிந்துவிடும்.

கையெழுத்து

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான், முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். ஆனால் அது படம் வரைவது மாதிரிதான், எழுத்தறிவு ஆகாது. கைநாட்டு வைத்தால் ‘இவருக்குப் படிக்கத் தெரியாது’ என்று பார்த்தவுடன் தெரியும். கையெழுத்துப் போட்டால் படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். வாசிக்க வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் பழக்கத்தையும் கூடவே கற்றுக்கொடுங்கள். வங்கியில் கைநாட்டுக் கணக்கைக் கையெழுத்துக்கு மாற்றக் கிளையில் நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்து ஒரே மாதிரி விழும்வரை பொறுத்திருப்பது நல்லது.

பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்; அக்கா, அண்ணே, பெரியம்மா என்றே அழையுங்கள். சிவப்பு மையால் அடிக்காதீர்கள். ‘வெரி குட்’ என்று கைதட்டவும் வேண்டாம். அறுவடைக் காலத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள், அப்போது புதுச் சொல் தொடங்காமல் பழைய அட்டைகளையே ஓட்டுங்கள்.

வாசிப்பு வந்த பிறகு சான்றிதழ் வேண்டுமென்றால், 2022 முதல் நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சேரலாம். தேர்வு 150 மதிப்பெண்: வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50. அதற்கு மேல் போக விரும்புகிறவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் ஏ, பி, சி நிலைகள் 3, 5, 8-ஆம் வகுப்புக்குச் சமம்.