ஆற்றோரத் திட்டத்தை எதிர்த்து மேல்முறையீடா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதமும் ஒரு குழு வந்தது. கை நிறைய மனு நகல்கள். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுகள். பக்க எண், கையெழுத்து போன்ற பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றைத் திருத்த அவகாசம் கிடைக்கும்.

பதிலுக்குக் காத்திருப்பது

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக, அதற்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தருவது 30 நாள். தக்க காரணம் சொன்னால் மேலும் 60 நாள். அதற்குப் பிறகு தீர்ப்பாயமே விரும்பினாலும் ஏற்க முடியாது.

நாம் என்ன செய்கிறோம்? திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் ஒரு மனு, முதல்வர் தனிப்பிரிவுக்கு ஒன்று, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒன்று. "பதில் வரட்டும் சார், அதையும் சேர்த்துப் போட்டுடலாம்." எத்தனை மனு கொடுத்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு கழிமுக மீனவக் கிராமத்துக்கு அப்படிக் காத்திருக்கச் சொன்னவன் நான்தான். பதில் 70ஆம் நாள் வந்தது. மொழிபெயர்ப்பு, பிரமாணப் பத்திரம் என்று அலைந்து, தாக்கல் செய்தது 97ஆம் நாள். அங்கிருந்த அலையாத்தி மரங்களைப் பற்றி, திட்டத்துக்கான சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்ல வாய்ப்பே வரவில்லை. வெளியே வந்ததும் ஊர்ப் பெரியவர் கேட்டார்: "நாம சொன்னது பொய்யின்னுட்டாங்களா தம்பி?"

"இல்லைங்கய்யா. நாள் தாண்டிடுச்சுன்னாங்க."

இன்றும் யாராவது "பதில் வரட்டும்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

நாளை எண்ணுவதிலும் கவனம் வேண்டும். அமைச்சக இணையதளம், நாளிதழ் விளம்பரம், ஊராட்சி அறிவிப்புப் பலகை: அனுமதி இவற்றில் எங்கே முதலில் வெளியானதோ, அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள். "ஆறு மாசம் இருக்காமே" என்பார்கள். அது 14ஆம் பிரிவு, வேறு வகை வழக்குகளுக்கு. அனுமதியை எதிர்க்க அது உதவாது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் புறக்கணிப்பது

இது அனுமதிக்கு முன்பே நடப்பது. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற விதி இல்லை. நீங்கள் போகாவிட்டாலும் நடக்கும். போய்ப் பேசுங்கள், எழுதியும் கொடுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை வாசிப்பார்கள். உங்கள் ஆட்சேபம் அதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த வரைபடம்

சேர்க்காதீர்கள்.

மண்டலத்தைப் பார்க்காமல் வாதாடுவது

கடல் நீர் ஏறி இறங்கும் ஆற்றுப் பகுதியில், கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அதுவரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி, என்றது 2011 அறிவிக்கை. 2019 அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 ஆக்கியது. உங்கள் மாவட்ட வரைபடம் எந்த அறிவிக்கைப்படி தயாரானது என்று முதலில் பாருங்கள்.

அறிக்கையில் விடுபட்டதைத் தேடாதது

அருணாச்சலத்தின் தவாங்கில், நியாம்ஜங் சூ ஆற்றில் 780 மெகாவாட் நீர்மின் திட்டம். அந்த வழக்கிலும் முதலில் காலக்கெடுவைப் பற்றித்தான் வாதம். 2013இல் எதிர்த்தவர்கள் அந்த வாதத்தில் வென்றார்கள். 2016இல் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. குளிர்காலத்தில் அங்கே வந்து தங்கும் கருங்கழுத்துக் கொக்கைக் கணக்கில் எடுக்காமலே அனுமதி கொடுத்திருந்தார்கள். உங்கள் ஆற்றில் எந்த மீன் எந்த மாதம் குஞ்சு பொரிக்கும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். முதல் 30 நாளுக்குள்.