காபன் வரிக் காசு: அரசுகள் வழமையாகச் சறுக்கும் இடங்கள்

காபன் வரி என்றதும் "இன்னொரு வரியா?" என்றுதான் நமது கிழக்குக் கரையில் கல்லடியிலும் கேட்பார்கள், கல்முனையிலும் கேட்பார்கள். கேட்பதில் பிழையில்லை. பெற்றோல், டீசல், நிலக்கரி எரிக்கும்போது வெளியேறும் காபனீரொட்சைட்டுக்கு ஒரு விலை வைத்தால் எரிப்பது குறையும் என்பது இந்த வரியின் கணக்கு. அது சரியா என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வசூலான காசு எங்கே போகிறது, அதை மக்களுக்கு எப்படிச் சொல்கிறார்கள் என்ற இடத்தில்தான் அரசுகள் திரும்பத் திரும்பச் சறுக்குகின்றன. உலகம் முழுவதும் காபன் வரிகளாலும் காபன் வெளியேற்ற அனுமதிகளின் விற்பனையாலும் 2023இல் 100 பில்லியன் டொலருக்கு மேல் சேர்ந்தது.

நமக்கும் இது புதிதல்ல. 2019 ஜனவரியில் இலங்கையில் வாகனங்களுக்குக் காபன் வரி வந்தது. எஞ்சின் கொள்ளளவையும் வாகனத்தின் வயதையும் பார்த்து, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது அறவிட்டார்கள். கராஜில் தூங்கும் காருக்கும் தினமும் கொழும்புக்கு ஓடும் காருக்கும் ஒரே வரி! அது அதிக நாள் நிலைக்கவுமில்லை. அந்தக் காசில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? சட்டம் தனியாக ஒதுக்கினால் தவிர, இங்கே வரிப் பணம் அரசின் பொதுப் பையான திரட்டு நிதியத்துக்குள் போய்க் கலந்துவிடும்.

சுற்றுச்சூழலுக்கு என்று பெயர் வைத்து வாங்கிவிட்டு பொதுப் பையில் போடுவது முதல் தவறு. இந்தியா 2010இல் நிலக்கரித் தொன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி போட்டது, தூய எரிசக்தி நிதிக்கு என்று. 2016இல் அது 400 ரூபாயானது. 2017இல் பொருள், சேவை வரியான ஜிஎஸ்டி வந்ததும், மாநிலங்களின் வருமான இழப்பை ஈடுசெய்யும் பக்கம் அந்தப் பணம் திரும்பிவிட்டது. பிரான்சிலும் எரிபொருள் மீதான காபன் வரியின் பெரும்பகுதி பொது வரவுசெலவுக்குள் போனது. 2018 நவம்பரில் எரிபொருள் விலையை எதிர்த்து மஞ்சள் அங்கிப் போராட்டக்காரர்கள் வீதிக்கு வந்தபிறகு, காபனீரொட்சைட்டுத் தொன்னுக்கு 44.60 யூரோவோடு வரி உறைந்து போனது. சுவீடன் 1991இலிருந்து காபன் வரியைப் பொதுப் பையில்தான் போடுகிறது, அங்கே பெரிய கலகம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்குள்ளவர்களுக்கு அரசின் கணக்கில் நம்பிக்கை இருக்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியைப் பார்த்த நமக்கு அந்த நம்பிக்கையைக் கடனாகக் கேட்க முடியாது.

அடுத்தது, திருப்பிக் கொடுத்தும் கண்ணில் படாமல் கொடுப்பது. மட்டக்களப்பில் சுவிசிலோ கனடாவிலோ சொந்தம் இல்லாத வீடு குறைவு. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சுவிசில் 2008 முதல் வீடு சூடாக்கும் எரிபொருளுக்குக் காபன் கட்டணம் உண்டு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திரும்புகிறது. 2024இல் ஆளுக்கு 64 பிராங் அளவில் கிடைத்தது. எப்படி? சுகாதாரக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவாக. பில்லில் ஒரு சிறு குறிப்பு, அவ்வளவுதான். அதைக் கவனிக்காதவர்களே அதிகம்.

கனடாவின் கதை இன்னும் மோசம். 2019இல் எரிபொருள் கட்டணம் தொடங்கியது, வசூலில் சுமார் 90 வீதம் குடும்பங்களுக்குத் திரும்பியது. 2024இல் ஒன்ராரியோவில் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,120 கனடிய டொலர். ஆனால் முதலில் அது வருமான வரிப் படிவத்துக்குள் ஒளிந்திருந்தது. 2022இலிருந்துதான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வங்கிக்கு வந்தது. வந்த காசுக்கும் வங்கிக்கு வங்கி வேறு வேறு பெயர். 'கனடா காபன் மீளளிப்பு' என்று அரசு தெளிவாகப் பெயர் மாற்றியது 2024இல், எல்லாம் கை மீறிய பிறகு. பெற்றோல் நிலையத்தில் லீட்டருக்கு 17.6 சதம் கூடியது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான அந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள்.

யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் நமது கரையில் சிக்கலான கேள்வி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே இரவில் பாய்ந்தது. வாகரை தொடக்கம் திருக்கோவில் வரை வெளியிணைப்பு எஞ்சின் போட்ட படகுகளெல்லாம் அந்த எண்ணெயில் ஓடியவை. அந்தச் சூடு பட்டவர்களிடம் போய் "ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு ஐந்து டொலர் வரி" என்றால் என்ன விளங்கும்? லீட்டரில் சொல்ல வேண்டும். ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் சுமார் இரண்டரைக் கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால், அந்த ஐந்து டொலர் வரி லீட்டருக்கு 4 ரூபாய்கூட வராது. இருபது லீட்டர் அடித்துக் கடலுக்குப் போனால் 75 ரூபாய். இப்படிச் சொன்னால் ஆள் கூட்டிக் கழித்துப் பார்த்துச் சண்டை பிடிப்பார், அது நல்லது. சொல்லாவிட்டால் மனசில் 340தான் நிற்கும்.

அப்புறம், அந்த 75 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் படகுப் பதிவை எடுத்துக்கொண்டால் காசு படகு முதலாளியான சம்மாட்டிக்குப் போகும். ஆனால் பல இடங்களில் எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிக்கிறார்கள். வரியின் ஒரு பகுதி கூடப் போன தொழிலாளியின் பங்கில் விழுகிறது, அவர் பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது. சம்மாந்துறை வயலிலும் இதே கதைதான். டீசல் வாங்குபவர் வெட்டு மெசின்காரர், ஏக்கருக்குக் கூலி கூடும்போது கொடுப்பவர் வயல்காரர். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வதும் போதாது. 2023இல் அந்தப் பட்டியல் வந்தபோது எத்தனை மேன்முறையீடுகள் குவிந்தன என்பது பிரதேச செயலகங்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால், எரிபொருள் கணக்கெல்லாம் பார்க்காமல் தலைக்கு இவ்வளவு என்று சமமாகக் கொடுப்பதே மேல். கூடுதலாக எரிப்பவர் கூடுதலாக வரி கட்டுவதால், குறைய எரிக்கிற ஏழைக்கு அதில் பெரும்பாலும் மிச்சமே வரும்.

சத்தம் கேட்டதும் ஒரு தரப்புக்கு மட்டும் விலக்களிப்பதும் ஆபத்து. கனடா 2023 ஒக்டோபரில் வீடு சூடாக்கும் எண்ணெய்க்கு விலக்குக் கொடுத்தது, அதனால் அதிகம் பயன் பெற்றவை அத்திலாந்திக் மாகாணங்கள். "எங்களுக்கு ஏன் இல்லை?" என்று மற்ற மாகாணங்கள் உடனே கிளம்பின.

ஒஸ்திரியா வேறு விதமாகச் சறுக்கியது. 2022இலிருந்து காபன் விலையோடு 'காலநிலை போனஸ்' என்று எல்லோருக்கும் காசு கொடுத்தது. பெயரும் தெளிவு, கணக்கில் வந்து விழுவதும் தெளிவு. ஆனால் 2025இல் அரசுக்குக் கை இறுகியபோது போனஸை நிறுத்திவிட்டார்கள், காபன் விலை மட்டும் அப்படியே தொடர்ந்தது. இங்கே இப்படியொரு சட்டமூலம் வந்தால், வரிப் பிரிவும் மீளளிப்புப் பிரிவும் ஒன்றில்லாமல் மற்றது செல்லாது என்று எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.