சென்னைப் புறநகரில் மலிவு விடுதி: யாழ்ப்பாணத்திலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானச் சேவை 2019 நவெம்பரில் தொடங்கி, அடுத்த வருடம் கொவிட்டோடு நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் சென்னைக்குப் போவதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கண் வைத்தியத்துக்குப் போகிறார்கள், கூறைப்புடைவை எடுக்கப் போகிறார்கள், சிதம்பரத்துக்கும் திருப்பதிக்கும் போகிறார்கள். மணிக்கூட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை, இரண்டு இடத்திலும் ஒரே நேரம்தான். தங்குமிடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன். நகரின் நடுவே அறை விலை கட்டுப்படியாகாமல் புறநகரில் ஒரு மலிவுச் சங்கிலி ஹோட்டலை (ஒரே பெயரில் பல இடங்களில் நடப்பவற்றில் ஒன்றை) பிடிக்க நினைப்பவர்களுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: அலுவல் எந்தப் பக்கம் என்று பாருங்கள், பிறகு அறையைத் தேடுங்கள்

பெரும்பாலானோர் செயலியைத் திறந்து, விலையைக் குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கி, முதலில் நிற்பதை எடுத்துவிடுவார்கள். கூடுவாஞ்சேரியில் அறை எடுத்துவிட்டுத் தியாகராய நகரில் புடைவை பார்ப்பது, கொடிகாமத்தில் தங்கிக்கொண்டு யாழ்ப்பாணச் சந்தைக்கு வந்து போவது போன்றது. தூரம் சமாளிக்கக்கூடியதுதான். ஆனால் கொடிகாமத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் சென்னையின் வாகன நெரிசல் இல்லை.

ஆகவே வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம், திருச்சி, மதுரை என்று தெற்கே போக இருப்பவர்களுக்கு உண்மையில் புறநகர்தான் வசதி. 2023 டிசெம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்டப் பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறிவிட்டன. தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் தங்கினால் காலையில் எழுந்து நேரே பஸ் ஏறலாம். திருப்பதிக்குப் பஸ்ஸில் போகிறவர் அதே வண்டலூரில் தங்கினால் நகரம் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டிவரும். ஆந்திரப் பஸ்கள் வடக்கே மாதவரத்திலிருந்து புறப்படுகின்றன.

நகருக்குள் அலுவல் இருந்தால், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம் என்பதைவிட ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம் என்பதைப் பாருங்கள். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் பாதை, விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் நின்று போகிறது. தியாகராய நகருக்கு மாம்பலத்தில் இறங்க வேண்டும். தாம்பரத்திலிருந்து டிக்கெட் பத்து ரூபாய் அளவில்தான். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் நல்ல புதிய ஹோட்டல்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே இந்த ரயிலும் இல்லை, மெட்ரோவுக்கான வேலை வேறு நடக்கிறது. பெருங்குடி, சோழிங்கநல்லூரில் அலுவல் இருந்தாலொழிய அந்தப் பக்கம் நான் போகமாட்டேன்.

சாலையின் எந்தக் கரை என்பதையும் பார்த்துவிடுங்கள். தாம்பரம், வண்டலூர் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையின் நடுவே நீளத்துக்குத் தடுப்புச் சுவர். ஹோட்டலின் பெயர்ப்பலகை கண்ணெதிரே ஒளிரும், ஓட்டோவோ அதைத் தாண்டிப் போய்த் திரும்பும் இடம் தேடி மீண்டும் வரும். பொதிகளோடு நடந்து கடக்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

இரண்டாம் படி: ஒரு தொலைபேசி அழைப்பு

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முதல்முறை அம்மாவின் கண்ணுக்காகப் போனபோது செயலியில் காசும் கட்டி உறுதிப்படுத்திவிட்டுத்தான் போனேன். ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. வரவேற்பு மேசையில் இருந்த பையன் சிரித்த முகத்தோடு கணினியில் பெயரைக் கண்டுபிடித்தார். கடவுச்சீட்டுகளை நீட்டியதும் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இலங்கையா சார்?"

"யாழ்ப்பாணம், தம்பி."

"வெளிநாட்டவருக்கு நாங்கள் அறை கொடுப்பதில்லை சார்."

அம்மா முன்னால் வந்து, "நாங்களும் தமிழ்தானே தம்பி கதைக்கிறோம்?" என்றார்.

"தமிழ்தான் அம்மா. பாஸ்போர்ட் வேறு அல்லவா?"

பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது சரிதான். மூன்றாவது இடத்தில் அறை கிடைத்தபோது இரவு பத்து மணி தாண்டியிருந்தது. முதலில் கட்டிய காசு திரும்பி வர மூன்று கிழமை பிடித்தது.

காரணம் இதுதான். இந்தியாவில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் ஒருவர் தங்கினால், அவருடைய விவரங்களை 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல்காரர் அரசின் குடிவரவு இணையத்தளத்தில் பதிய வேண்டும். "சி ஃபார்ம்" என்று அங்கே சொல்வது இதைத்தான். அதற்கு ஹோட்டல் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். பெரிய ஹோட்டல்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடும். பத்துப் பதினைந்து அறைகள் உள்ள சின்ன இடங்கள் அந்தப் பதிவையே எடுத்திருக்காது. பதியாமல் தங்கவைத்தால் சட்டச் சிக்கல் அவர்களுக்குத்தான். ஆகவே கோபித்துப் பயனில்லை.

சங்கிலி ஹோட்டல் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பதும் தவறு. ஜிஞ்சர், ஐபிஸ் போன்ற பெயர்களுக்குப் பின்னால் பெரிய ஹோட்டல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஜிஞ்சர் டாடா குழுமத்தினுடையது, ஐபிஸ் பிரான்சின் அக்கோர் நிறுவனத்தினுடையது. 2013இல் தொடங்கிய ஓயோ போன்றவற்றின் வழி வேறு. கட்டடமும் முதலாளியும் வேறு யாரோ, பலகையும் முன்பதிவும் சங்கிலியினுடையவை. ஒரே பலகை மாட்டிய இரண்டு கட்டடங்களில் ஒன்று வெளிநாட்டவரை ஏற்கும், மற்றது ஏற்காது.

எனவே காசு கட்டுவதற்கு முன், செயலியின் பொது இலக்கத்துக்கு அல்ல, அந்தக் கட்டடத்தின் வரவேற்பு மேசைக்கே அழைத்து இப்படிக் கேளுங்கள்: "நாங்கள் இலங்கைப் பாஸ்போர்ட். சி ஃபார்ம் போட்டு அறை கொடுப்பீர்களா?" 'வெளிநாட்டவருக்குக் கொடுப்பீர்களா' என்று மட்டும் கேட்டால் போதாது. தமிழில் கதைப்பதால், வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் என்று நினைத்து 'வாருங்கள்' என்றுவிடுவார்கள். தயங்கினாலோ, "வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றாலோ அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சரி என்று சொன்னவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் ஒரு வாட்ஸ்அப் செய்தியிலும் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: முன்பதிவு

பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். நம் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஒரு பக்கம், நம் பெயர் ஒரு பக்கம் என்று நீளமாக நிற்கும். வீட்டுப் பெயரைக் கொடுத்து முன்பதிவு செய்தால் மேசையில் கால்மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டிவரும். எத்தனை பேர் என்பதையும் மறைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு என்பதால் குழந்தையின் கடவுச்சீட்டையும் கேட்பார்கள்.

"ஹோட்டலில் செலுத்தலாம்" என்ற வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். முன்கூட்டியே கட்ட வேண்டுமானால் உங்கள் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் இலங்கை இலக்கத்துக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். காட்டும் விலைக்கு மேல் வரி வரும். 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு 2025 செப்டெம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 வீதம், அதற்கு முன் 12 வீதமாக இருந்தது. 1,500 ரூபாய் அறை 1,575 ஆகும். (ஜி.எஸ்.டி. சாலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது வெள்ளைக்காரன் காலத்துத் தெற்குப் பெருவழி. சாலையில் போவதற்கு வரியா என்று என்னை ஒருவர் கேட்டார், அதனால் எழுதுகிறேன்.)

விருந்தினர் கருத்துகளில் நட்சத்திரங்களை விட்டுவிட்டு, கடைசி இரண்டு மாதத்தில் படத்தோடு எழுதப்பட்டவற்றைப் பாருங்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம், இரவில் கதவைத் தட்டினார்கள், தண்ணீர் வரவில்லை என்ற மூன்றும் கண்ணில் பட்டால் அடுத்த ஹோட்டலுக்குப் போய்விடுங்கள்.

நான்காம் படி: மேசையில்

கடவுச்சீட்டு, விசா இரண்டின் பிரதிகளையும் இங்கேயே எடுத்துக்கொண்டு போங்கள், ஆளுக்கு இரண்டு. மூலத்தைக் காட்டுங்கள், பிரதியைக் கொடுங்கள். "காலையில் தருகிறோம்" என்று கடவுச்சீட்டை மேசையில் வைத்துக்கொள்ளப் பார்த்தால், இருந்து பதிவை முடித்துக் கையோடு வாங்கிக்கொண்டே மேலே போங்கள். எங்கிருந்து வந்தீர்கள், எப்போது இறங்கினீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். விசாரணை இல்லை, படிவத்தில் அந்தக் கட்டங்கள் இருக்கின்றன.

காசை அங்கே எல்லோரும் கைத்தொலைபேசியிலேயே கொடுக்கிறார்கள். நம் வங்கிச் செயலி அங்கே எடுபடாது, நம் அட்டையைச் சில இயந்திரங்கள் ஏற்காது. முதல் இரவுக்கான காசையாவது இந்திய ரூபாய்த் தாளாக வைத்திருங்கள்.

அறையைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்கும்போது குளியலறைக் குழாயைத் திறவுங்கள், குளிரூட்டியைப் போடுங்கள், உள்தாழ்ப்பாள் விழுகிறதா என்று பாருங்கள், யன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு அறைகளில் திரைச்சீலை தொங்கும், விலக்கினால் சுவர் இருக்கும்.

ஐந்தாம் படி: அறைக்குள்

கதவருகே சுவரில் ஒரு சிறு பொந்து இருந்தால் சாவி அட்டையை அதில் செருக வேண்டும், அப்போதுதான் மின்சாரம் வரும். அம்மா பத்து நிமிடம் இருட்டில் கட்டிலில் இருந்துவிட்டு, "இங்கேயும் கரண்ட் வெட்டுகிறார்களோ?" என்றார். வெந்நீருக்கான ஆளி பெரும்பாலும் குளியலறைக்கு வெளியே இருக்கும். போட்டுவிட்டுக் கால்மணி நேரம் பொறுங்கள், குளிப்பதற்கு முன் நிறுத்துங்கள். நம் வீட்டுச் சதுர முள் சார்ஜர் அங்கே நுழையாது, அங்கே உருண்டை முள். மின்பொருத்தி ஒன்றை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

வைஃபை, இந்தியக் கைத்தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு குறியீடு அனுப்பித்தான் திறக்கும் இடங்கள் உண்டு. மேசையில் கேட்டால் தங்கள் இலக்கத்தில் திறந்து தருவார்கள்.

சொற்களிலும் கொஞ்சம் கவனம். "துவாய் ஒன்று கிடைக்குமா?" என்று நான் கேட்டதற்கு அந்தப் பையன் விழித்து, பிறகு மேலாளரை அழைத்துக்கொண்டு வந்தார். டவல் என்று கேளுங்கள். சவர்க்காரம் அங்கே சோப்பு. தேத்தண்ணீர் என்றால் பால் போட்டுத்தான் வரும். பாலில்லாமல் வேண்டுமானால் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், பழக்கத்தில் கை பால் பாத்திரத்துக்குப் போய்விடும். காலைச் சாப்பாடு அறை விலையில் சேர்த்தி என்றால் இட்லியும் பொங்கலும் இருக்கும். பொங்கல் என்றதும் சர்க்கரையை எதிர்பார்த்து வாயில் வைக்காதீர்கள், மிளகு கடிபடும்.

இரவில் திரும்பி வருவதற்கு ஊபர் போன்ற செயலி நல்லது. கொழும்பில் பயன்படுத்திய அதே கணக்கு அங்கேயும் வேலை செய்யும், பிக்மீ செய்யாது. ஓட்டோக்காரரிடம் ஹோட்டலின் பெயரைச் சொல்வதைவிட, பக்கத்தில் உள்ள ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்லி அங்கிருந்து வழி காட்டுவது சுலபம். புறநகரில் ஒரே சங்கிலியின் பலகை நான்கு இருக்கும்.

கடைசிப் படி: வெளியேறும்போது

பகல் 11 அல்லது 12 மணிக்கு அறையைக் கேட்பார்கள். விமானத்துக்கு நேரம் இருந்தால் பொதிகளை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலும் காசு கேட்பதில்லை. பூட்டிவிட்டுக் கொடுங்கள். முற்பணம் கட்டியிருந்தால் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையால் எழுதிய துண்டு வேண்டாம், ஹோட்டலின் முழு விலாசமும் உங்கள் பெயரும் அச்சிட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தமுறை இந்திய விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, முன்பு வந்தபோது எந்த விலாசத்தில் தங்கினீர்கள் என்று ஒரு கட்டம் வரும். எங்கள் வீட்டில் அந்தப் பில் அம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்தபடி இருக்கிறது.